சீயக்காய்த் தண்ணீர்

அந்தத் துப்பாக்கியைக் கைப்பையில் வைத்தால் விடமாட்டார்கள், சார். பிளாஸ்டிக்தான், தண்ணீர்தான் பீய்ச்சும், எனக்கும் தெரிகிறது. ஆனால் துப்பாக்கி வடிவத்தில் எது இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். இங்கே பாங்காக்கில் கவுன்டர் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. திருச்சிக்குத்தானே? நானும்தான்.

இடது கன்னத்தில் இன்னும் வெள்ளை மாவு இருக்கிறது உங்களுக்கு. நன்றாக ஆடியிருக்கிறீர்கள். சொங்க்ரான் என்றால் என்ன என்று உங்கள் டூர்க்காரர் சொன்னாரா? சொல்லியிருக்கமாட்டார். சங்கராந்தி, சார். நம்முடைய அதே சங்கராந்தி. சூரியன் மேஷத்துக்குள் நுழைகிற கணக்கு. நாம் அந்த நாளைச் சித்திரை ஒன்று என்று சொல்லி மாங்காய்ப் பச்சடி செய்கிறோம். இவர்கள் ஒருவர் கையில் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். துப்பாக்கி, பீப்பாய், ஐஸ் தண்ணீர் எல்லாம் பிற்சேர்க்கை. இதைப் பற்றி இரண்டு புத்தகம் படித்துவிட்டுத்தான் வந்தேன்.

நான் ஆட வரவில்லை. நனையாமல் திரும்புவதற்காக வந்தேன். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

என் பெயர் திருமேனிநாதன். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருடம் வரலாறு நடத்தினேன். ஒரே மகள். மங்கையர்க்கரசி என்று பெயர் வைத்தேன். பாண்டிமாதேவியின் பெயர். வடக்கே சியாங் மாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று வருடத்துக்கு முன்னால், பிப்ரவரி மாதம், அந்த ஊர்ப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எனக்குச் செய்தி வாட்ஸப்பில் வந்தது, சார். போட்டோவோடு. அதன் கீழே ஒரு பூங்கொத்துப் படம்.

அவன் பெயர் தனாகரன். நல்ல சமஸ்கிருதப் பெயர்தான், இவர்கள் வாயில் தனகோன் ஆகிவிட்டது. ஆனால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு. அவனுடையது பெட். பெட் என்றால் வாத்து. கால்நடை டாக்டர், பெயர் வாத்து. மங்கை என்பதில் கடைசி எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு என் மகளைக் கை என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் பாஷையில் அதற்குக் கோழி என்று பொருள். பாண்டிமாதேவியைக் கோழியாக்கி வாத்துக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். பேசாமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. இந்த ஜனவரியில் அவளிடமிருந்து ஒரு செய்தி. இன்னும் போனில் வைத்திருக்கிறேன், வாசிக்கிறேன், கேளுங்கள்:

"அப்பா, ஏப்ரல் பதினஞ்சு காலைல எட்டு மணிக்கு எங்க வீட்டுல பெரியவங்க கையில தண்ணி ஊத்துவோம். ஊத்தி, தெரிஞ்சு செஞ்சது தெரியாம செஞ்சது எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேப்போம். அவங்க மன்னிச்சு ஆசீர்வாதம் பண்ணுவாங்க. நீங்க வந்து கைய நீட்டினா சரி. வரலன்னாலும், வந்து நீட்டலன்னாலும், இனிமே நான் கூப்பிட மாட்டேன். நீங்களும் கூப்பிட வேண்டாம்."

அசலில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. திருத்தித் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஆக, நாள் குறித்துவிட்டாள். போனால் கையை நீட்ட வேண்டும், நீட்டினால் மன்னித்தாகிவிட்டது. விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதச் சொன்னால் எப்படி? நான் ஒரு முடிவோடு டிக்கெட் எடுத்தேன். அவள் முதலில் உட்கார்ந்து, தமிழில், என்னிடம் சொல்லாமல் கல்யாணம் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு கை. அதுவரை என் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. நம்மிடம் தாரை வார்ப்பது என்று ஒன்று இருக்கிறதே, தண்ணீர் விழுந்துவிட்டால் கொடுத்தது கொடுத்ததுதான். எனக்கு அந்தப் பயம். ரெயின்கோட் ஒன்று, குடை ஒன்று. ஏப்ரல் மாதத்தில் சியாங் மாய் விமான நிலையத்தில் ரெயின்கோட்டோடு இறங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

பதிமூன்றாம் தேதி மத்தியானம். மாப்பிள்ளை வண்டியோடு நின்றான். மாப்பிள்ளை என்று நான் சொல்லவில்லை, உங்களுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். கைகூப்பி, "வாங்க மாமா, பசிக்குதா?" என்றான். தமிழில்! "பழம் சாப்பிடுறீங்களா?" என்று அடுத்தது. 'ழ' வரவில்லை. நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். வழி முழுக்கப் பழம், பழம் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

பழைய கோட்டையைச் சுற்றி ஓர் அகழி இருக்கிறது, சார். அந்தக் கரையில் ஊரே நின்றது. வாளி, குழாய், யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு பம்பு. வண்டி நகரவில்லை. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதுவும் போதாது என்று வண்டிக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டேன். ஏதோ பாங்க்கில் வேலை பார்க்கிற பெண்கள் போல, ஒரே மாதிரி பூச்சட்டை போட்ட நான்கு பேர், கண்ணாடியைத் தட்டி, கும்பிட்டு, கிண்ணத்தைக் காட்டி அனுமதி கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் முடியாது என்று தலையாட்டினேன். அவர்கள் முகம் விழுந்துவிட்டது. உடனே இவன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். நாலு கிண்ணமும் அவன் தலையில். அடுத்த ஒரு மைலுக்கு வந்த தண்ணீரெல்லாம் அப்படித்தான். வீடு வந்து சேர்ந்தபோது அவன் சொட்டச் சொட்ட நின்றான், நான் காய்ந்து நின்றேன். எனக்கு வெற்றி என்று அன்றைக்குக் குறித்துக்கொண்டேன்.

வாசலில் அவன் அம்மா. சீநுவன் என்று பெயர். ஸ்ரீ என்று எழுதுவார்கள், சீ என்று சொல்வார்கள். எழுபது வயது இருக்கும். சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் மல்லிகை மிதக்கத் தண்ணீர் வைத்திருந்தாள். என் ரெயின்கோட்டைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், பையன் தலையைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு துண்டு கொண்டுவந்தாள். அதை என்னிடம் நீட்டினாள், சார். காய்ந்தவனிடம்.

மங்கை படியில் நின்றிருந்தாள். மூன்று வருடம் கழித்துப் பார்க்கிறேன். இளைத்திருந்தாள்.

"வாங்க," என்றாள். அப்பா என்கிற சொல் வரவில்லை. நான் கவனித்தேன்.

பதினாலாம் தேதி காலையில் பேசித் தீர்த்துவிடுவது என்று திட்டம். ஒரு நாள் மிச்சம் இருக்கிறதே. காபி முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மங்கை, இப்படி வந்து உட்காரு. ஒரு விஷயம் பேசணும்," என்றேன்.

"இன்னிக்கு முடியாதுப்பா."

"ஏன்?"

"இன்னிக்கு இந்த ஊருல யாரும் கடுமையா ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா வருஷம் பூரா வாய் அழுகிப்போகும்பாங்க. அத்தை ரொம்பப் பாப்பாங்க அத."

நான் படித்த புத்தகத்தில் இந்தச் சங்கதி அடிக்குறிப்பில் இருந்தது. அடிக்குறிப்பை யார் மதிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். சண்டைக்கென்று கடல் தாண்டி வந்தவன், வருடத்தில் சண்டை தடைசெய்யப்பட்ட ஒரே நாளில் வந்து மாட்டிக்கொண்டேன். விடவில்லை. "நான் கடுமையாப் பேசப்போறேன்னு யார் சொன்னா?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சீநுவன் அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தமிழ் ஓரெழுத்து தெரியாதவள், நிமிர்ந்து விரலை உதட்டில் வைத்தாள். சிரித்துக்கொண்டேதான். மத்தியானம் ஒரு தடவை முயன்றேன், விரல். சாயந்திரம், புதுவருஷ வழக்கமாகக் கோயிலுக்கு மண் கொண்டுபோய்க் கொட்டுகிற இடத்தில் ஒரு தடவை. அந்த அம்மாள் இரண்டு கையிலும் மண் இருந்தது, புருவத்தாலேயே அடக்கிவிட்டாள்.

"இன்னிக்கு சித்திரை ஒண்ணாவது ஞாபகம் இருக்கா உனக்கு?" என்று மங்கையிடம் கேட்டேன்.

"பாயசம் வெச்சிருக்கேன்," என்றாள். தேங்காய்ப்பால், பனைவெல்லம், அவளுடைய அம்மா செய்கிற மாதிரியே. சரிபார்ப்பதற்காக இரண்டு கப் சாப்பிட்டேன்.

அவளுடைய அம்மாவைச் சொன்னேன் இல்லையா. அகிலாண்டம். அவள் தவறிப்போய்விட்டாள். கல்யாணச் செய்தி வந்த அதே வருடம், ஆகஸ்டில். அது தனி விஷயம், இதோடு சேர்க்கக்கூடாது. ஆனால் மங்கை சேர்க்கிறாள். அவளுக்கு நான் தகவல் சொல்லவில்லையாம். சொன்னேன், சார். மூன்றாம் நாள் சொன்னேன்.

எதிலிருந்து மூன்றாம் நாள் என்று கேட்கிறீர்கள். தகனத்திலிருந்து. அப்படிப் பார்க்காதீர்கள். கிட்னி கோளாறு, பதினாறு நாள் ஆஸ்பத்திரி. முதலில் சரியாகிவிடும் என்றார்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். எந்த நாளில் சொல்வது? அவளுக்குப் புது வேலை, லீவு கிடைக்குமா, விமானம் கிடைக்குமா. எல்லாம் யோசித்துத்தான். பேச்சை நிறுத்தியிருந்தேன் என்று சொன்னேனே, அது வேறு. ஒருவரோடு பேச்சு இல்லை என்று இருக்கும்போது எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது? பால் தெளித்து முடித்ததும் போன் பண்ணினேன். "அம்மாவுக்கு நினைவே இல்ல, நீ வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது" என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

சரி. பதினைந்தாம் தேதிக்கு வருகிறேன்.

ஏழரைக்கே கூடத்தில் பாய் விரித்துவிட்டார்கள். இரண்டு நாற்காலி. ஒன்றில் சீநுவன் அம்மாள், பட்டு உடுத்தி. இன்னொன்றில் நான், வேட்டி சட்டை, தோளில் துண்டு. இரண்டு கையையும் அந்தத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். சுவரில் கடிகாரம். மங்கையா பேசப்போகிறாள், இல்லை நானா, எட்டு மணிக்குள் தெரிந்துவிடும்.

முதலில் பெட் வந்தான். அம்மா முன்னால் முழங்கால் போட்டு, ஏதோ மெதுவாகச் சொல்லி, அவள் கையில் ஊற்றினான். அவள் ஈரக் கையால் அவன் தலையைத் தடவி நீளமாக வாழ்த்தினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினான். நான் கையை எடுக்கவில்லை. அவன் காத்திருந்தான். முழங்காலில், கிண்ணத்தோடு. "முதல்ல அவ பேசட்டும்," என்றேன். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ, கும்பிட்டு, நகர்ந்து, சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டான்.

மங்கை உள்ளேயிருந்து வேறொரு கிண்ணம் கொண்டுவந்தாள். பெரியது. பாயில் உட்காரவில்லை, நின்றாள். "அப்பா, கை," என்றாள்.

நான் சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது. புறப்படும்போதே எழுதி மனப்பாடம் செய்தது. வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

சீயக்காய், சார்.

கிண்ணத்துக்குள் பார்த்தேன். மஞ்சளாகத் தண்ணீர், பூவிதழ், நடுவில் சுட்ட சீயக்காய் இரண்டு, முழுசாக. அவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், பீடை போக்கும் என்று நம்பி வீட்டுக்கு வீடு வைப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் இரண்டு புத்தகத்திலும் இது இல்லை. நீங்களும் நம் பக்கம்தானே, உங்களுக்குத் தெரியும். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சொந்தக்காரர்கள் பார்க்க, பெற்ற மகள் கிண்ணத்தில் சீயக்காயோடு முன்னால் வந்து நின்றால் நம் ஊரில் அது என்ன? எதற்கு வைப்போம் எண்ணெயும் சீயக்காயும்? யாருக்கு வைப்போம்?

துள்ளி எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"நான் இன்னும் சாகலடி!"

கத்திவிட்டேன். சீநுவன் அம்மாள் கை விரல் உதட்டுக்குப் போகவில்லை, அன்றைக்குத் தடை இல்லை. பெட் எழுந்து பாதியில் நின்றான். மங்கைக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவள் முகம் மாறியது. ஒன்றும் தெரியாமல் அவர்கள் வழக்கப்படி கலக்கிக் கொண்டுவந்திருக்கிறாள், பாவம். நான் சொன்ன பிறகுதான் அது அவள் கையில் வேறொன்றாகியது.

மெதுவாகக் கேட்டாள்: "அம்மாவுக்கு யாருப்பா வெச்சது?"

"என்னது?"

"எண்ணெ சீயக்கா. யாரு வெச்சா?"

"உன் சித்தி வெச்சா. முறைப்படி எல்லாம்..."

"மக இருக்கறப்ப சித்தி வெக்கறதா முறை?"

நான் முறை தெரியாதவன் இல்லை, சார். கடைசிக் குளிப்பாட்டில் முதல் கை மகளுடையது.

"அம்மாவுக்கு நினைவு இல்லன்னு சொன்னீங்களே. நெசமா இல்லையா?"

கடிகாரம் எட்டைத் தாண்டி நாலு நிமிஷம் ஆகியிருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த அறையில் வேறு சாட்சி கிடையாது. ஆனால் அந்த வாசனை இருக்கிறதே, அதற்கு முன்னால் பொய் சொல்ல வரவில்லை.

"இருந்துச்சு," என்றேன். "கடைசி ரெண்டு நாள்தான் இல்ல. அதுவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. மங்கை வர்றாளா, மங்கை வர்றாளான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ வந்துக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். கிளம்பிட்டே, பாங்காக் வந்துட்டே, மெட்ராஸ் வந்துட்டே, மழை, பஸ் லேட்டு... தினம் ஒண்ணு சொன்னேன்."

"எத்தனை நாள்?"

"பதினாலு நாள்."

நல்லெண்ணத்தில் சொன்னதுதான், சார். நோயாளிக்கு நம்பிக்கை வேண்டும் இல்லையா? அகிலாண்டம் ஒவ்வொரு தடவையும் கதவைப் பார்ப்பாள். அது ஒரு நல்ல அறிகுறி என்று டாக்டரே சொன்னார்.

மங்கை அழவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போய்விட்டால் முடிந்தது. செய்தியில் தெளிவாக எழுதியிருந்தாளே, இனிமேல் கூப்பிட மாட்டேன் என்று. அவள் கால் திரும்பக்கூடச் செய்தது.

நான் பாயில் உட்கார்ந்துவிட்டேன். கையை நீட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். "இங்க வை," என்றேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதற்கு ஆதாரம் இருக்கிறது. அந்த வடக்குப் பக்கத்தில் இந்தச் சடங்கின் பெயரே தலை முழுகுதல் என்பதுதான். பழைய காலத்தில் தலையில்தான் ஊற்றியிருக்க வேண்டும், கையில் ஊற்றுவது பின்னால் வந்த சுருக்கம். நான் மூல வழக்கத்தை வற்புறுத்தினேன், அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் எதிரில் உட்கார்ந்தாள். ஒரு கை அள்ளி உச்சியில் வைத்தாள். இன்னொரு கை. மூன்றாவதும் வைத்து, சும்மா விடவில்லை, விரலை விட்டுத் தேய்த்தாள். காதுக்குப் பின்னால், பிடரியில், ஒரு இடம் விடாமல். அவ்வளவு அழுத்தித் தேய்த்தால் வலிக்கும், சார். வலித்தது. நான் தலையை எடுக்கவில்லை. அவள் வாய்க்குள் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொன்னதில்லை. "அம்மா" என்கிற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. மூன்று நாள் ஒரு சொட்டுப் படாமல் காப்பாற்றிய சட்டை, பூணூல் போட்ட மாதிரி ஒரு கோடாக நனைய ஆரம்பித்து, வேட்டி வரைக்கும் போய்விட்டது.

முடித்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் ஒன்றை விட்டுவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. விட்டதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது, அது என் சுபாவம்.

"மன்னிப்புக் கேக்கற வரி ஒண்ணு இருக்கே. அத நீ சொல்லல," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கை இரண்டிலும் சீயக்காய் நுரை.

"இருக்குப்பா. அத யாரு யாருகிட்ட சொல்லணும்னுதான் எனக்குத் தெரியல."

"சின்னவங்க பெரியவங்ககிட்டன்னு..."

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கும்." கிண்ணத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அடுத்த வருஷம் வாங்க. அப்பப் பாக்கலாம், யார் சொல்றதுன்னு."

உள்ளே போய்விட்டாள். சீநுவன் அம்மாள் இறங்கி வந்து, முதல் நாள் நீட்டிய அதே மாதிரி ஒரு துண்டை நீட்டினாள். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன்.

ஆக, சடங்கு பூர்த்தியாகவில்லை என்றுதான் நான் கருதுகிறேன். இரண்டு புத்தகத்தையும் மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டேன். பெரியவர் சிறியவரிடம் சொல்வதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. ஆராய்ச்சியில் பெரிய குறை அது.

இன்று காலை அவள்தான் சியாங் மாய் விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டாள். உள்ளே போகிற கதவு வரைக்கும் வந்தாள். நான் நாலடி போய்விட்டுத் திரும்பி, "அடுத்த வருஷம் எந்தத் தேதி?" என்று கேட்டேன்.

"பதினஞ்சுப்பா," என்றாள். "என்னிக்கும் பதினஞ்சுதான்."

எனக்குத் தெரியாதா, சார்? தெரியும். அவள் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டியிருந்தது.